மாட்டக் கூடாத வயர்

இருதயராஜுக்கு அன்று காலையில் ஒரே ஒரு வேலைதான். சாப்பாட்டு மேஜைமேல் திறந்து வைத்திருந்த லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்து, மருமகள் ஸ்டெல்லா பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வரும்வரை அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மராட்டிக்காரர் ஊரான கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் ஹெல்ப்பராக உழைத்தவர் அவர். தினம் இரண்டு வேளை கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கு நின்றவர். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவரைக் காவலுக்கு வைத்திருக்கிறார். கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவர் மகன் ஸ்டீபனின் பிழைப்பு. பேரும்தான்.

நடந்ததைச் சுருக்கினால் இவ்வளவு. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஆகுர்டியில் ஸ்டீபன் சூப்பர்வைசராக இருக்கும் மோட்டார் பாகங்கள் கம்பெனியில், தகடு அடிக்கும் பதினாலாம் நம்பர் பிரஸ் மெஷின், பெடலை ஒரு மிதி மிதித்தால் ஒரு அடிக்குப் பதில் இரண்டு அடி அடித்தது. இரண்டாவது அடியில் அமல்ராஜ் என்ற தொழிலாளிக்கு வலது கையில் நாலு விரல் போயிற்று. ஷிப்ட் ஸ்டீபனுடையது. கெட்ட மெஷினை ஓட்டவிட்டான், மேலே சொல்லவில்லை என்று கம்பெனி அவனுக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்து, ஸ்கிராப் யார்டில் கொண்டுபோய் நிறுத்தியது. வேலை போவதோடு முடியாது. போலீஸ் கேஸிலும் அவன் பேர்தான் முதலில் ஏறும்.

நாலு நாள் முன்னாலேயே மெஷினை நிறுத்தச் சொல்லி எழுதினேன் என்றான் ஸ்டீபன். அப்படி ஒரு விண்ணப்பமே எங்களிடம் கிடையாது என்றது கம்பெனி.

அங்கே காகிதம் என்பதே இல்லை. லீவு, ரிப்பேர், மெஷின் நிறுத்தம், மேலதிகாரிக்குக் கடிதம் எல்லாம் நோட்ஸ் என்கிற ஒரே சாப்ட்வேருக்குள். ஆபீசில் ஏசி அறையில் சர்வர் என்று ஒரு பெரிய பெட்டி. ஆளாளுக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அதன் நகல். நகலும் சர்வரும் நெட்டில் சந்திக்கும்போது இங்கே எழுதியது அங்கே போகும், அங்கே எழுதியது இங்கே வரும். அங்கே அழித்தது இங்கேயும் அழியும். கடைசியில் சொன்னதில்தான் விஷம்.

சர்வரில் இருந்த விண்ணப்பத்தை யாரோ அழித்துவிட்டார்கள். அழித்தவனுக்குத் தெரியாமல் ஒரு நகல் வெளியே தங்கிவிட்டது. அதுதான் இந்த லேப்டாப். ஸ்டீபன் பிரஸ் பக்கத்திலேயே வைத்து எழுதி அனுப்பியது இதில்தான். மறுநாளே இதன் கீபோர்டு செத்துப்போய், கேட் பாஸ் வாங்கி கட்கி பஜாரில் ஒரு கடையில் ரிப்பேருக்குப் போட்டான். அப்புறம் அமல்ராஜின் விரல் போனது. ஆஸ்பத்திரி, போலீஸ் என்று அலைந்ததில் லேப்டாப் யாருக்கும் ஞாபகம் இல்லை. நேற்று சாயங்காலம் கடைக்காரன் கூப்பிட்டுக் கொடுத்தான். இரண்டு மாதமாக நெட்டையே பார்க்காத பெட்டி.

இதையெல்லாம் கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. இன்ஷூரன்ஸ் ஆபீசில் இதே நோட்ஸில் எட்டு வருஷம் குப்பை கொட்டியவள். விடிந்ததும் மாமனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

இருதயராஜ் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இங்கிலீஷ் வராது. ஆனால் எண் வரும், மகன் பெயரின் எழுத்து அடையாளம் தெரியும். பதினாலு என்பதைப் படித்தார். தேதியைப் படித்தார். கீழே ஸ்டீபன் பெயர். இது இவன் எழுதியதுதான், வேறு யாரும் கை வைக்கவில்லை என்று சாப்ட்வேரே சாட்சி சொல்லும் வரி அது என்று ஸ்டெல்லா விளக்கினாள். மீதியைத் தமிழில் சொன்னாள். மெஷின் இரட்டை அடி அடிக்கிறது, ஆளுக்கு ஆபத்து, உடனே நிறுத்த அனுமதி வேண்டும்.

இரண்டு மாதமாக மகன் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் இல்லை. கையெழுத்து இல்லாத, மை இல்லாத, கையில் பிடிக்க முடியாத கடிதத்தை எப்படி நம்புவது? தப்புப் பண்ணியவன் எல்லாம் எழுதினேன் என்றுதான் சொல்வான். அவர் பார்த்த ஃபாக்டரியில் அப்படித்தான். இப்போது எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ஸ்டெல்லா அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பத்துக்குக் கீழே அன்றைக்கே வந்த ஒரு பதிலும் இருந்தது. ஒரே வரி. 'நிறுத்தி வை. இந்த வார லோடு போகட்டும், பிறகு பார்க்கலாம்.' மெஷினை அல்ல, விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கச் சொன்னது. எழுதியவன் பெயர் ஜெகதீசன்.

அந்தப் பெயரை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார் இருதயராஜ்.

ஸ்டெல்லா அரை நாள் லீவுக்குக் கையெழுத்து வாங்க ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்டீபன் யூனியன்காரரைப் பார்க்க எட்டு மணிக்கே ஆகுர்டிக்குக் கிளம்பிவிட்டான். இருதயராஜின் மனைவி வேதநாயகி, அமல்ராஜுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். விரல் போன நாளிலிருந்து அந்தச் சாப்பாடு நிற்கவில்லை.

மூன்று மணிக்குக் கம்பெனியில் விசாரணை. லேப்டாப்பை விசாரணை அதிகாரி முன்னாலேயே திறந்து காட்ட வேண்டும். ஸ்டெல்லா போனில் போட்டோ எடுத்துத்தான் வைத்திருந்தாள். ஆனால் போட்டோவை வீட்டில் தயார் பண்ணியது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள் என்று யூனியன்காரர் சொல்லியிருந்தார். அணைத்தால் இந்தப் பழைய பெட்டி மறுபடி எழும்புமோ என்னவோ என்று பயந்து, கரண்டிலேயே விட்டு வைத்தாள்.

"மாமா, வைஃபையை நான் ஆஃப் பண்ணிட்டேன். நெட் வயர் மட்டும் யாரும் மாட்டக் கூடாது. மாட்டினா சர்வர்கிட்ட பேசிடும். பேசிச்சுன்னா அங்க அழிஞ்சது இங்கயும் போயிடும்."

"நம்ம வூட்ல நெட் வயரே இல்லியேம்மா" என்றார் அவர். ரயில்வே ரிசர்வேஷன் ஆபீசில் மேஜைக்குப் பின்னால் தடித்தடியாக நீல வயர் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். நெட் வயர் என்றால் அதுதான்.

அவள் போனாள். அவர் தனியாக உட்கார்ந்தார். அந்தத் தனிமையில்தான் கேடு வந்தது.

ஜெகதீசன் வேறு யாருமில்லை. இதே கட்கி குவார்ட்டர்ஸில் மூன்றாவது வீட்டுப் பையன். அவன் அப்பாவும் இருதயராஜும் ஒரே செக்ஷனில் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். அப்பா செத்த வருஷம் அவன் இந்த வீட்டில்தான் சாப்பிட்டு டிப்ளமா முடித்தான். இன்று அந்தக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஹெட். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டீபனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன்மேல் மேலே புகார் போவதானால், முதலில் அவன் வீட்டு வாசலில் போய் நின்று சொல்லிவிட வேண்டும். உன்மேல் எழுதிக் கொடுக்கப் போகிறேன், உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் இப்போதே சொல் என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். கேட்காமல் எழுதிக் கொடுத்தவனோடு அந்தத் தெருவில் யாரும் பேச மாட்டார்கள். அந்த மாதிரி ஒருவனிடம் இருதயராஜே ஏழு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார்.

கம்பெனியை அவர் நம்பியதில்லை. வக்கீலை நம்பியதில்லை. பேங்க்கை நம்பாமல் பென்ஷனை மாதாமாதம் முழுசாக எடுத்து வந்துவிடுகிறவர். ஆனால் தன் தட்டில் சாப்பிட்டவனை, அந்நியர் நாலு பேர் முன்னால், ஒரு வார்த்தை கேட்காமல் காட்டிக் கொடுப்பது அவருக்கு ஆகவில்லை. பத்து மணிக்கு போனை எடுத்தார்.

"ஜெகா, உன் கைப்பட எழுதினது ஒண்ணு என் எதிர்ல கீது. வந்து பார்த்துட்டுப் போ. அப்புறம் நான் சொல்லலன்னு சொல்லக் கூடாது."

வரேன் பெரிப்பா என்றான் ஜெகதீசன்.

முக்கால் மணி நேரத்தில் கார் வந்து தெரு முனையில் நின்றது. உள்ளே வந்தவனுக்கு நாற்பத்தாறு வயது. காதோரம் நரைத்திருந்தது. செருப்பை வாசலில் விட்டான். பெரியம்மா எங்கே என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்கு என்று தெரிந்ததும், யாரைப் பார்க்க என்று கேட்கவில்லை.

இருதயராஜ் லேப்டாப்பை அவன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார். முழுசாகத் திருப்பவில்லை. கை வைக்காமல் படி என்றார்.

அவன் படித்தான். ஒரு பக்கம்தான். அதைப் படிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இருதயராஜ் உள்ளே போய்க் காப்பி சூடு பண்ணிக் கொண்டு வந்துவிடலாம். ஆனால் போகவில்லை. காவலை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

"ஹோல்டு போட்டது நான்தான் பெரிப்பா" என்றான் கடைசியில். "மேலேருந்து லோடு லோடுன்னு கழுத்தைப் பிடிச்சாங்க. ஒரு வாரம் தாங்கும்னு நெனச்சேன்."

"அப்புறம் அழிச்சது யாரு?"

எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு என்றான். அமல்ராஜுக்கும் ஒண்ணு இருக்கு என்றார் இருதயராஜ். அவன் தலையாட்டினான். மூன்று மணிக்கு நானே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறேன், ஸ்டீபன் எழுதினான் என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று மெல்லச் சொன்னான். கிழவருக்கு அது போதுமாக இருந்தது. இந்த வழக்கம் இதற்காகத்தானே இருக்கிறது என்று அவர் மனசு குளிர்ந்தது.

ப்ளான்ட் ஹெட்டுக்கு இப்போதே ஒரு போன் பண்ணிவிடுகிறேன் என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தவன், சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றான். சுவரில் இருந்த ஒரே ப்ளக்கில் லேப்டாப் இருந்தது. அதைப் பிடுங்க முடியாது. சார்ஜர் வயர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். ஃபிரிட்ஜ் மேல் வேதநாயகியின் வயர் கிடந்தது. கை எட்டும் தூரம்தான். இருதயராஜ் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு முனையைத் தன் போனில் சொருகிக்கொண்டு, மறு முனையை அவரிடம் நீட்டினான்.

"லேப்டாப்லேருந்தே கொஞ்சம் ஏறும். உங்க பக்கத்துல ஓட்டை இருக்கு பாருங்க, மாட்டுங்க பெரிப்பா."

வெள்ளையாக, நூல் மாதிரி மெல்லிசு வயர். தினமும் வேதநாயகி மாட்டுவது. நீல வயர் இல்லை. அவர் மாட்டினார்.

அவன் போனை இரண்டு மூன்று தரம் தடவினான். எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிசு பண்ணி இன்னொரு தரம் படிக்கிறேன் என்று லேப்டாப்பில் ஒன்றிரண்டு பொத்தானைத் தட்டினான். கை வைக்காதே என்று சொல்லியிருந்தார்தான். ஆனால் ஒத்துக்கொள்கிறேன் என்று சொன்னவனை எப்படித் தடுப்பது? திரையின் கீழ் மூலையில் குட்டியாக ஒரு மின்னல் அடையாளம் வந்து வந்து போயிற்று. அவர் போனிலும் சார்ஜ் ஏறும்போது மின்னல் அடையாளம்தான் வரும். ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் இருக்கும். ஜெகதீசன் வயரைப் பிடுங்கி, அழகாகச் சுற்றி, மேஜைமேல் வைத்தான். போன் பண்ணவில்லை. போகிற வழியில் பேசிக்கொள்கிறேன் என்றான். வாசலில் என்றைக்கும் இல்லாத வழக்கமாகக் குனிந்து அவர் காலைத் தொட்டான்.

பன்னிரண்டு பத்துக்கு ஸ்டெல்லா வந்தாள். கையைக் கழுவிவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். தேதியை வைத்துத் தேடினாள். நம்பரை வைத்துத் தேடினாள். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா. யாரு வந்தாங்க?"

ஜெகா என்றார். எல்லாவற்றையும் சொன்னார். அவன் மூன்று மணிக்கு ஒத்துக்கொள்ளப் போவதையும் சொன்னார். வயர் ஏதாவது மாட்டினீர்களா என்று அவள் கேட்டாள். நெட் வயர் இல்லை, போன் சார்ஜ் பண்ணுகிற வயர்தான் என்றார்.

அந்த வயரிலேயே போனுடைய நெட்டும் லேப்டாப்புக்குள் வரும் என்று அவள் சொன்னபோது, முதலில் அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தரம் சொன்னாள். கரண்டு போகிற ஓட்டையிலேயே நெட்டும் போகுமா என்று கேட்டார். போகும், நீங்கள் பார்த்த மின்னல் சர்வரோடு பேசுகிற அடையாளம் என்றாள். போன் வயரைப் பற்றி எனக்கே தோன்றவில்லை, சொல்லாமல் போனது என் தப்பு என்றாள்.

"நீ காவலுக்கு என்னியத்தான் வெச்ச" என்றார் இருதயராஜ். "திருடனுக்கு போன் பண்ணிக் கூப்ட்டது நான்."

அவள் அழுதாள். சத்தம் வரவில்லை. அவர் அந்த வெள்ளை வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். ஸ்டீபனிடம் போனில் சொல்லக் கூடாது, நான்தான் நேரில் சொல்வேன் என்றார்.

மத்தியானம் லோக்கல் ரயில் கிடையாது. ஆகுர்டி வழியாக நிக்டி போகும் பஸ்ஸைப் பிடித்தார்கள். ஒன்றுக்கும் ஆகாத லேப்டாப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தாபோடி, பிம்ப்ரி, சின்ச்வட். வழியெல்லாம் இருதயராஜ் டிக்கெட்டை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஸ்டீபன் யூனியன்காரரோடு நின்றுகொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் முகம் மாறிற்று. இந்த இரண்டு மாதத்தில் அவர் ஒரு தரம்கூட ஆகுர்டிப் பக்கம் வந்ததில்லை.

அவனைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. கூப்பிட்டது, உட்கார வைத்தது, வயரை எடுத்துக் கொடுத்தது, தன் கையால் மாட்டியது. ஸ்டீபன் கத்துவான் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை.

"நீ அதைப் பார்த்தியாப்பா?"

"பார்த்தேன்."

"உனக்கு இங்கிலீஷ் வராதே."

"நம்பரு வரும். உன் பேரு தெரியும். மீதிய ஸ்டெல்லா படிச்சு சொல்லிச்சு."

ஸ்டீபன் ரோட்டைப் பார்த்தான். ஒரு கன்டெய்னர் லாரி போனது. அது போய் முடிகிறவரை காத்திருந்தான்.

"ரெண்டு மாசம்பா. ஒரு நாளாவது எழுதினியாடான்னு கேட்டியா நீ? அம்மா கேட்டா. அமல்ராஜ் ஆஸ்பத்திரில படுத்துகினே கேட்டான். நீ கேக்கல."

"கேட்டா ஆமான்னு சொல்லுவ" என்றார் இருதயராஜ். "அப்புறமும் நான் நம்பலன்னா, ஒரே வூட்ல எப்டி மூஞ்சப் பார்க்கறது?"

"இப்ப?"

"இப்ப நம்பறேன். காமிக்கத்தான் ஒண்ணுமில்ல."

அவன் சிரித்தான். அது சிரிப்பே இல்லை. உள்ளே போக நேரமாகிவிட்டது என்று யூனியன்காரர் கூப்பிட்டார். குற்றம் சாட்டப்பட்டவன் தன் பக்கத்துக்குச் சாட்சி கொண்டுவரலாமா என்று இருதயராஜ் அவரிடம் கேட்டார். கொண்டுவரலாம், ஆனால் சொந்த அப்பன் சாட்சிக்கு என்ன மதிப்பு, கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள் என்றார் அவர். நீங்களே அழித்தீர்கள் என்றும் சொல்வார்கள் என்றான் ஸ்டீபன்.

"சொல்லட்டும். அது நெஜம்தானே" என்று சொல்லிவிட்டு இருதயராஜ் கேட்டைப் பார்த்து நடந்தார். செக்யூரிட்டி முன்னால் போய், யாரும் சொல்லாமலே, பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கினார்.

விசாரணை அறையில் நீள மேஜை. தலைப்பக்கத்தில் கம்பெனி நியமித்த விசாரணை அதிகாரி. ரிட்டயர்டு வக்கீல், மராட்டிக்காரர். பக்கத்தில் டைப் அடிக்கும் கிளார்க். ஒரு பக்கம் கம்பெனி ஆபீசர். அவர் பக்கத்தில், தண்ணீர் பாட்டிலை உருட்டிக்கொண்டு, ஜெகதீசன். எதிர்ப்பக்கம் ஸ்டீபனும் யூனியன்காரரும். இருதயராஜ் உள்ளே வருவதைப் பார்த்ததும் பாட்டில் உருளுவது நின்றது.

அங்கே பேச்செல்லாம் இந்தியில். இருதயராஜின் இந்தி ஃபாக்டரி இந்தி. மரியாதை கம்மி, சுருக்கம் ஜாஸ்தி. காலையிலிருந்து நடந்ததை அப்படியே சொன்னார். தன் மகன் எழுதியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். தன் கையாலேயே அது போய்விட்டதையும் சொன்னார். கம்பெனி ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது கதை சாஹேப், நல்ல கதை என்றார்.

அதிகாரி ஜெகதீசனைப் பார்த்தார். இவர் வீட்டுக்குப் போனீர்களா?

போனேன், குடும்பப் பழக்கம், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போனேன் என்றான் ஜெகதீசன். லேப்டாப் எதுவும் பார்க்கவில்லை. எந்தக் கடிதமும் பார்க்கவில்லை. வயதானவர், மகன் விஷயத்தில் மனசு உடைந்து இருக்கிறார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தயங்காமல், தடங்கல் இல்லாமல் சொன்னான். கிளார்க் அடித்துக்கொண்டே வந்தான்.

ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டான்.

இருதயராஜ் ஜெகதீசனையே பார்த்தார். ஒத்துக்கொள்கிறேன் என்று இதே வாய்தான் நாலு மணி நேரத்துக்கு முன்னால் சொன்னது. அவருக்குக் கோபம் வரவில்லை. பதினேழு வயதில் அந்தப் பையன் தட்டில் இரண்டாம் தரம் சோறு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேதநாயகிதான் கேட்காமலே போடுவாள். அது என்னத்துக்கு இப்போது ஞாபகம் வர வேண்டும் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கம்பெனி ஆபீசர் எழுந்து அவரைக் குடைய ஆரம்பித்தார். எத்தனாவது படித்திருக்கிறீர்கள்? கம்ப்யூட்டர் தெரியுமா? இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா? தெரியாது, தெரியாது என்று வந்தது பதில். அப்படியானால் ஒரு சாட்சியம் அழிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மருமகள் சொல்லிக் கொடுத்ததா?

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார் இருதயராஜ் இந்தியில். "அதனால்தான் என் கையால் செய்ய வைத்தான். எழுதிக்கொள்ளுங்கள். இவன் செய்ய வைத்தான்."

ஜெகதீசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். இந்த அறையில் இதுவரை இந்தியும் இங்கிலீஷும் மட்டுமே பேசியவன் வாயில் இப்போது தமிழ் வந்தது.

"நானா செய்ய வெச்சேன்? வயரை எடுத்துக் கொடுத்ததும் நீங்க, மாட்டினதும் நீங்கதானே பெரிப்பா. நான் அதுல கையே வெக்கல."

ஸ்டீபன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

இவர் என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டார். இருதயராஜே இந்தியில் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வயரை எடுத்துக் கொடுத்தது நான், மாட்டியது நான், அவன் அதில் கையே வைக்கவில்லை. இதைத்தான் சொன்னான். சொன்னது நிஜம். மாட்டியது நான்தான்.

இது சரியான மொழிபெயர்ப்பா என்று அதிகாரி ஜெகதீசனைக் கேட்டார். கம்பெனி ஆபீசர் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உட்கார் என்கிறாரா, பேசாதே என்கிறாரா, தெரியவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கம்பெனி காசு வாங்குகிற ஆள்தான். ஆனாலும் முப்பது வருஷம் கோர்ட்டில் கேள்வி கேட்டுப் பழகிய நாக்கு.

"நீங்கள் அந்த வீட்டில் லேப்டாப்பே பார்க்கவில்லை என்று இப்போதுதான் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் அந்த வயரின் ஒரு முனை யாருடைய போனில் இருந்தது? இன்னொரு முனை எதில் மாட்டப்பட்டது?" கிளார்க் பக்கம் திரும்பாமலே, லிகோ, கேள்வியையும் எழுது என்றார்.

கிளார்க் அடித்து முடித்தான். பதிலுக்காக விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சாட்சி சொன்னது போதும், போய் உட்காரலாம் என்று கம்பெனி ஆபீசர் இருதயராஜுக்கு நாற்காலியைக் காட்டினார்.

"அவன் பதில் சொல்லட்டும்" என்றார் அவர். "அப்புறம் உட்கார்ந்துக்கறேன்."